மலைக்கு எடுத்துப் போகும் கயிறு: எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது

கேள்வி இதுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு நாள், இரண்டு நாள் நடை போகிற ஒருவர், அவசரத்துக்கு என்று எடையில்லாத கயிறு ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டுமா? வேண்டுமென்றால் எந்தக் கயிறு, எத்தனை மீட்டர்?

வைத்திருங்கள். நான்கு மி.மீ. நைலான் கயிறு, பதினைந்து மீட்டர், நூறு கிராம்தான் வரும். ஒரு வாழைப்பழத்தின் எடை. இவ்வளவுதான் பதில் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். ஆனால் கேட்டவர் கடைசியில் "யாராவது சரிந்து விழுந்தால் இழுத்துத் தூக்க" என்று சேர்த்திருக்கிறார், அதைப் படித்த பிறகுதான் உட்கார்ந்து நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு இந்தக் கயிறு உதவாது. அதைச் செய்யும் என்று நம்பிப் பையில் வைத்திருப்பவர், வைத்திருக்காதவரைவிட ஆபத்தான இடத்தில் காலை வைப்பார்.

முதலில் அது உண்மையில் எதற்கு உதவியது என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கினோம். ஒருவர் போட்டிருந்தது நல்ல விலையுயர்ந்த ஷூ, ஆனால் ஐந்தாறு வருடம் பரணில் கிடந்தது. அந்த மாதிரி ஷூக்களில் மேல் தோலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் பாலியூரித்தேன் பஞ்சு இருக்கும், அது காற்றில் இருக்கும் ஈரத்தாலேயே வருடக்கணக்கில் உள்ளுக்குள் உளுத்துப்போகும், வெளியே பார்த்தால் புதிதுபோல இருக்கும். வெள்ளகவி வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் இடது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் வாயைப் பிளந்தது, அடுத்த நூறு அடியில் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்பது வழக்கம், ஆகவே ஊருக்குள் பிரச்சினை இல்லை என்று சிரித்துக்கொண்டோம். ஆனால் ஊருக்குக் கீழே கும்பக்கரை வரைக்கும் கல்லும் சரிவும்தான், நகரத்துக் கால் அதை வெறுமனே தாங்காது.

கயிற்றில் ஒன்றரை மீட்டர் அளவில் இரண்டு துண்டு வெட்டினோம். ஒன்று விரல்களுக்குப் பின்னால் அடிப்பாகத்தைச் சுற்றி மேலே குறுக்காகப் போட்டு, குதிகாலுக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னால் கட்டினது. இன்னொன்று பாதத்தின் நடுவளைவுக்கு அடியில். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அடியில் போகிற கயிறு அந்த ரப்பர் பற்களுக்கு இடையிலான பள்ளத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் கல்லில் உரசி அறுந்துவிடும். முடிச்சு மேலே நடுவில் இருந்தால் கால் மடங்கும்போது குத்தும், வெளிப்பக்கம் ஓரத்தில் வர வேண்டும். பள்ளத்தில் வைத்தும் வழியில் மூன்று தடவை அறுந்தது, மூன்று தடவை கட்டினோம். மனிதர் நடந்தே கீழே வந்து சேர்ந்தார்.

மலையில் அவசரம் என்பது பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான் வரும். பையின் தோள்பட்டி பிய்ந்துபோவது, மழைக்கு ஒதுங்க தார்ப்பாய் கட்ட வேண்டியிருப்பது, கணுக்கால் பிசகினவருக்குக் குச்சி வைத்துக் கட்டுவது, எல்லோரும் கையையும் ஊன்றி இறங்க வேண்டிய இடத்தில் பைகளை மட்டும் முதலில் கீழே இறக்குவது. பொருளைக் கட்டுகிற வேலைகள்.

ஆளைத் தாங்குகிற விஷயத்துக்கு வருவோம். இந்த நாலு மி.மீ. நைலான் கயிற்றைத்தான் கடையில் 'பாராகார்டு 550' என்று விற்கிறார்கள், அந்த 550 என்பது பவுண்டு, கிலோவில் சுமார் 249. பாராசூட்டில் கட்டுவதற்காக அமெரிக்க ராணுவம் வகுத்த அளவுகோலில் இருந்து வந்த எண் அது. 'நான் 70 கிலோதானே, 249 தாங்குமென்றால் மூன்று மடங்கு இருக்கிறதே' என்று தோன்றும். ஆடாமல் அசையாமல் தொங்கினால் சரி. விழுகிறவர் அப்படித் தொங்குவதில்லை. 70 கிலோ ஆள் இரண்டு மீட்டர் விழுந்த பிறகு, கயிறு அவரை முப்பது சென்டிமீட்டரில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2.3 மீட்டர் இறங்கிய வேகத்தை 0.3 மீட்டரில் தின்ன வேண்டும், 70-ஐ 2.3-ஆல் பெருக்கி 0.3-ஆல் வகுத்தால் சுமார் 537 கிலோ. அது சராசரிதான், உச்சத்தில் இன்னும் அதிகம். இதற்கு மேல், முடிச்சுப் போட்ட இடத்தில் எந்தக் கயிறும் தன் பலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இழக்கும், பாறை விளிம்பில் மடங்கினால் இன்னும் இழக்கும், நைலான் நனைந்தால் அதிலும் ஒரு பங்கு போகும். அறுந்துவிடும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

அறுந்துவிடாமல் இருந்தது என்றே வைத்தாலும், மேலே நிற்பவர் அதை எப்படிப் பிடிப்பார்? நாலு மி.மீ. கயிறு என்பது ஷூ லேஸைவிடக் கொஞ்சம் தடிமன். பாரம் ஏறின அந்தக் கயிறு உள்ளங்கையில் ஓடினால் தோல் உரிந்துவிடும், அதற்குப் பயந்து கையில் சுற்றிக்கொண்டால் விரல் போகும். கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்குத் தெரியும், தாம்புக்கயிறு தடிமனாக இருப்பது வாளிக்காக இல்லை, கைக்காக. அகத்தியர்கூடத்தில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே வழுக்குப் பாறையில் கட்டியிருக்கும் கயிறும் பருவதமலையின் கடப்பாரை நெட்டில் இருக்கும் சங்கிலியும் அப்படித்தான், மனிதக் கை இறுக்கிப் பிடிக்கிற தடிமனில் இருக்கின்றன. பள்ளத்தில் கிடக்கும் ஓர் ஆளை விளிம்பு உரச நேராகத் தூக்க மூன்று நாலு பேராவது வேண்டும், அவர்கள் நிற்க இடமும் வேண்டும். பாறையேறுகிறவர்கள் பயன்படுத்துவது வேறு ஜாதிக் கயிறு, விழும்போது இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற மாதிரி நெய்தது, மீட்டருக்கு அறுபது கிராம் பக்கம் வரும், இடுப்புப் பட்டையும் கற்றுக்கொடுத்த ஆளும் இல்லாமல் அதையும் தொடக்கூடாது. ஒருவர் சரிந்து கீழே மாட்டிக்கொண்டால் நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்க்காதீர்கள், அப்புறம் மாட்டினவர் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஒருவரை அனுப்பி 112-ஐ அழையுங்கள், கூட வந்த வனத்துறை ஆளோ வழிகாட்டியோ சொல்வதைக் கேளுங்கள். பையில் ஒரு விசில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு தடவை ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் வழக்கம்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மழை பெய்த செம்மண் சரிவு, விழுந்தால் சறுக்கிக்கொண்டு போவோமே தவிர அந்தரத்தில் போக மாட்டோம், அங்கே கைப்பிடிக்குக் கயிறு கட்டலாம். அதற்கு ஆறிலிருந்து எட்டு மி.மீ. தடிமன் வேண்டும். மலையேற்றத்துக்கென்று தயாரிக்கும் துணைக்கயிறுகளுக்கு ஈஎன் 564 என்று ஓர் ஐரோப்பியத் தரம் உண்டு, அதன்படி ஐந்து மி.மீ. கயிறு 5 கிலோநியூட்டன், ஆறு மி.மீ. 7.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், அதாவது சுமார் 510 கிலோவும் 730 கிலோவும். எட்டு மி.மீ. கயிறு இருபது மீட்டர் என்றால் முக்கால் கிலோவுக்கு மேல் ஆகிவிடும், ஆகவே கூட்டத்தில் ஒருவர் எடுத்தால் போதும். தொடை அளவுக்குக் குறையாத பச்சை மரத்தில் அடியோடு ஒட்டிக் கட்டி (மேலே கட்டினால் மரம் நெம்பும்), மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு விட்டால் கை வழுக்காது. ஒரு சமயத்தில் ஒருவர்தான். பாரம் காலில் இருக்க வேண்டும், கயிறு நிதானத்துக்கு மட்டும். முழுசாகத் தொங்கினால்தான் இறங்க முடியும் என்கிற சரிவாக இருந்தால் அது உங்கள் வழி இல்லை, திரும்பிப் போய் வேறு வழி பாருங்கள்.

இப்போது தண்ணீர். இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்திதான் படிப்பேன் என்கிறவர் இதைப் படியுங்கள்.

நம் மலைகளில் பாறையைவிடப் பயப்பட வேண்டியது ஓடைக்குத்தான். மேலே எங்கேயோ பெய்த மழை, நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து சேரும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் முதலில் கடக்கட்டும், மற்றவர்கள் கரையில் பிடித்துக்கொள்ளலாம். பார்க்கப் பத்திரமாகத் தெரியும், ஆனால் கால் தடுக்கினவுடன் நடப்பது வேறு. கயிறு இல்லாதவர் தண்ணீரோடு போவார், மல்லாந்து காலை முன்னால் நீட்டிக்கொண்டு மிதந்து, ஏதாவது திட்டில் ஒதுங்க வாய்ப்பாவது உண்டு. கயிறு கட்டியவர் போக மாட்டார், நிற்பார். ஓடுகிற தண்ணீர் நிற்கிற உடம்பை அடியில்தான் அழுத்தும். கரையில் இருப்பவர்கள் எவ்வளவு பலமாக இழுக்கிறார்களோ அவ்வளவு ஆழமாக அவர் போவார், பாரம் ஏறின முடிச்சை ஈரக் கையால் அவிழ்க்க யாராலும் முடியாது. தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி ஆட்களைக் கடத்தும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், சரிதான், அவர்களிடம் தடித்த கயிறும் மிதவை அங்கியும் அதையே தொழிலாகப் பழகின பத்துப் பேரும் இருக்கிறார்கள்.

ஓர் ஐப்பசியில் பழனி மலையின் தென்சரிவில் எங்களுக்கு இது நேர்ந்தது. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மதியம் திரும்பும்போது டீத்தண்ணி நிறத்தில் தொடை அளவுக்கு ஓடியது, அடியில் கல் உருள்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் அப்புறம் பேச்சே இல்லை. எங்களில் இளையவர் ஒருவர் பையைத் திறந்து கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றத் தொடங்கிவிட்டார், "அண்ணே, நான் முதல்ல போறேன்" என்று. கயிற்றைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டேன். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு மேட்டில் உட்கார்ந்தோம். முதல் அரை மணியில் குச்சி இருந்த இடம் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நுனி தெரிந்தது. இரண்டரை மணி நேரத்தில் குச்சி வறண்ட மணலில் நின்றுகொண்டிருந்தது, நாங்கள் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் கடந்தோம். மலை ஓடை சீக்கிரம் ஏறும், பெரும்பாலும் சீக்கிரம் வடியவும் செய்யும். மழை நின்றிருந்தால் காத்திருப்பது நல்லது, நிற்கவில்லையென்றால் கடக்காமல், இருக்கிற பக்கமே ராத்தங்கிவிடுங்கள். அன்றைக்கு அந்தக் கயிறு செய்த வேலை, காத்திருந்த நேரத்தில் தலைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இருந்ததுதான்.

அந்தத் தார்ப்பாய்க் கட்டு பற்றிக் கொஞ்சம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் மழையில் நனைந்து காற்றில் இரவு முழுக்க உட்கார்ந்தால், தமிழ்நாடுதானே என்று குளிர் விட்டுவிடாது. இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பு உயரத்துக்குக் கயிறு இழுத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு, காற்று வருகிற பக்கத்தைத் தரையோடு சேர்த்துக் கல் வைத்துவிடுங்கள். ஆள் உயரத்துக்குக் கட்டினால் நிற்க வசதியாக இருக்கும், காற்று முழுக்க உள்ளே வரும். கட்ட இரண்டு முடிச்சுப் போதும். ஒரு மரத்தில் இறுகாத கண்ணி, போலைன் என்பார்கள். அடுத்த மரத்தில் லாரியில் பாரத்துக்குக் கயிறு இறுக்குவார்களே, நடுவில் ஒரு சுருக்குக் கண்ணி போட்டு அதற்குள் நுனியை விட்டு இழுத்து முறுக்கேற்றுவது, அது. நைலான் நனைந்தால் தளரும் என்பதால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறுக்க வேண்டிவரும், அந்த லாரி முடிச்சு இருந்தால் இழுத்துவிட்டால் முடிந்தது. மாட்டை முளையில் கட்டுகிற முடிச்சும் தெரிந்திருந்தால், அதுவே மூன்றாவது. இதையெல்லாம் வீட்டில் நாற்காலிக் காலில் கட்டிப் பழகுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வருகிற வரைக்கும். குளிரில் விறைத்த விரலுக்கு, டார்ச் வெளிச்சத்தில், போனில் சேமித்து வைத்த வீடியோ உதவாது.

இன்னொன்று, கேட்காத கேள்விக்குப் பதில். பாம்பு கடித்தால் இந்தக் கயிற்றை எடுத்துக் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள். தாத்தா காலத்தில் இருந்து நம் கை தானாக அங்கேதான் போகும். இறுக்கிக் கட்டினால் ரத்தம் போகாமல் சதை அழுகும், விரியன் கடியாக இருந்தால் விஷம் அந்த இடத்திலேயே தேங்கிக் காலையே எடுக்க வேண்டிவரலாம், கட்டை அவிழ்க்கும்போது தேங்கினது மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் ஏறும். காலை ஆட்டாமல் வைப்பதுதான் உங்கள் வேலை. இரண்டு பக்கமும் குச்சி அல்லது நடைக்கோல் வைத்து, உடம்பில் படுகிற இடத்தில் துண்டையோ சட்டையையோ சுற்றி, அதற்கு மேல் கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள், எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவதுபோல. ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். கொலுசு, மோதிரம், ஷூ எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வந்து, 108 வண்டி வருகிற இடம் சேர்ந்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போவது. ரத்தம் பீய்ச்சும் காயத்துக்கும் இந்தக் கயிறு வேண்டாம், மெல்லிய கயிறு சதையை அறுக்கும், ரத்தத்தை நிறுத்தாது. துணியை வைத்துப் பலமாக அழுத்திப் பிடியுங்கள்.

சரி, வாங்குகிற கதை. '550' என்று அட்டையில் போட்டதெல்லாம் 550 இல்லை. நுனியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்: மேலுறைக்குள் ஏழு முதல் ஒன்பது உள்நூல் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பிரி முறுக்கினதாக இருக்க வேண்டும். உள்ளே பஞ்சு மாதிரி ஒரே கற்றை இருந்தால் அது அலங்காரக் கயிறு, துணி காயப்போடலாம். உண்மையான கயிற்றில் இந்த உள்நூலும் ஒரு சொத்து, உருவி எடுத்தால் சாக்கு ஊசியில் கோத்துப் பைப்பட்டியைத் தைக்கலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பளபளப்பான நீல, பச்சை பிளாஸ்டிக் கயிறு மலிவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் முடிச்சு நிற்காது, வெயிலில் கிடந்தால் தூள் தூளாக உதிரும். தேங்காய் நார்க்கயிறு நல்ல பிடிப்பு, நனைந்தால் எடை. டைனீமா என்று ஒன்று வருகிறது, அதே பலத்துக்கு நைலானைவிட வெகு இலேசு, விலை அதிகம், வழவழப்பாக இருப்பதால் சாதாரண முடிச்சு வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு அது வேண்டாம் என்பேன்.

நிறம் ஆரஞ்சு அல்லது மஞ்சள். ராணுவப் பச்சை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், சருகில் ஒரு தடவை கீழே வைத்துவிட்டுத் தேடிப் பார்த்தால் புரியும். வெட்டின நுனியை லைட்டரில் காட்டி உருக்கி ஒட்டிவிடுங்கள், கை பட்டால் தோலில் ஒட்டிக்கொள்ளும், கவனம். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்திலோ வண்டி பேட்டரி பக்கத்திலோ வைக்காதீர்கள், அந்த ஆசிட் நைலானைத் தின்னும், கண்ணுக்குத் தெரியாது. கட்டின கயிற்றைக் காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், மானும் காட்டெருமையும் நடக்கிற வழி அது, காலில் சுருக்கு விழுந்தால் அவிழ்த்துவிட அங்கே ஆள் இல்லை.

பையில் எங்கே வைப்பது என்பதும் முக்கியம்தான். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டு எட்டாகச் சுற்றி, கடைசி ஒரு முழத்தை நடுவில் இறுக்கிச் சுற்றிச் செருகினால் உள்ளங்கை அளவு பொட்டலம் ஆகும், நுனியை இழுத்தால் சிக்காமல் அவிழும். மேல் ஜிப்புக்குள் வையுங்கள், விசிலோடும் சின்னக் கத்தியோடும். மழை வந்த பிறகு மாற்றுத்துணி, டிபன் டப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடியில் துழாவிக்கொண்டிருந்தால் எடுத்து வந்த பலன் போச்சு.

இந்தக் கயிற்றிலேயே பின்னி மணிக்கட்டில் போடும் வளையல் போதுமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதில் இருப்பது இரண்டரை, மூன்று மீட்டர். ஒரு ஷூவைக் கட்டலாம். பிரித்து எடுக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது, அதுவும் வீட்டில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து.